ஒன்பதாவது புள்ளி

சொறியக் கூடாது, அவ்வளவுதான் இங்க சட்டம். இருபது நிமிஷம் கையை வைக்காம இருக்கணும், அதுக்கப்புறம் டாக்டர் வந்து ஸ்கேல் வச்சு அளந்து பாப்பாரு, நடுவுல சொறிஞ்சுட்டா எல்லாம் கலங்கிப் போயிரும், இன்னொரு நாள் வந்து மொதல்ல இருந்து குத்திக்கணும்னு சிஸ்டர் சொல்லிச்சு. சொல்லிட்டு மேசை மேல இருந்த மஞ்சக் கடிகாரத்தை இருபதுக்குத் திருகி வச்சுட்டு, கதவையும் இழுத்துச் சாத்திட்டுப் போயிருச்சு. திறந்து கிடந்தாத்தான் என்னவாம், யாரு வந்து எதைத் தூக்கிட்டுப் போகப் போறா. ஏசி ஓடுதாம். மதுரையில இம்புட்டுப் பெரிய ஆஸ்பத்திரியைக் கட்டுனவனுக்கு இந்த ரூமுக்கு ஒரு சன்னல் வைக்கணும்னு தோணல பாரு, நாலு பக்கமும் சுவரு, ஒரு சுவத்துல நுரையீரல் படம், சிவப்பும் நீலமுமா. எம் மக மகிழினி, எட்டு வயசு, மூணாங்கிளாஸ், ஸ்டூல்ல உக்காந்து இடது கையைத் தலகாணி மேல மல்லாக்க நீட்டி வச்சிருக்கா. முழங்கையில இருந்து மணிக்கட்டு வரைக்கும் பேனாவால ரெண்டு வரிசையா பன்னெண்டு நம்பர். ஒவ்வொரு நம்பருக்கும் பக்கத்துல ஒரு சொட்டு மருந்து வச்சு, ஊசி முனையால லேசாக் குத்தி, ஒத்தி எடுத்தாச்சு. எது கொசு கடிச்ச மாதிரி வீங்குதோ அது புள்ளைக்கு ஆகாது. மூணாவது தூசியில இருக்கிற பூச்சி, நாலாவது கரப்பான், ஏழாவது பார்த்தீனியச் செடி, எட்டாவது சீமைக்கருவேலம். இதெல்லாம் சிஸ்டர் சொல்லித் தெரிஞ்சுக்கிட்டதில்ல. சிஸ்டர் அந்த மருந்து டப்பாவைத் திறந்ததுமே எனக்குத் தெரியும், எந்த பாட்டில் என்னதுன்னு. பச்சை மூடி போட்டு ஒம்பதாவதா நின்னுச்சே, அதுல இருக்கிறது நான் சலிச்சது. கடவுளே, அது மட்டும் வீங்கக் கூடாது.

நான் வேலை பாக்கிற கம்பெனி அருப்புக்கோட்டைக்கு வெளிய, பைபாஸ் தாண்டி, போர்டு கூட வைக்காத ஒரு கட்டடம். பூவில இருந்து மகரந்தத்தை எடுத்துத் தூளாக்கி, கரைச்சு வடிகட்டி, இந்த மாதிரி குத்திப் பாக்கிற மருந்தா பாட்டில்ல அடைச்சுக் கொடுக்கிறோம், பூச்சி, கரப்பான் மருந்து மட்டும் வெளிய இருந்து வாங்கி அடைக்கிறது. அஞ்சு பொம்பளைங்க, மேல பிலோமினா மேடம். கருவேலம்பூ வரும், ஆமணக்கு வரும், சோளப்பூ வரும், எல்லாம் சுத்துப்பட்டுல இருந்து சனங்க பறிச்சுக் கொண்டாந்து கொடுக்கிறது. அந்த ஒம்பதாவது, சைப்ரஸ் மரத்தோடது, அது மட்டும் ஊட்டியில இருந்து வரும். தை மாசம் பஸ்ஸுல பெட்டி பெட்டியா வந்து எறங்கும், பிரிச்சா சுக்கு தட்டிப் போட்ட மாதிரி ஒரு வாசனை, உள்ள மிளகு மிளகா மொட்டு. அதைப் பேப்பர்ல பரப்பிப் போட்டா ரெண்டு நாள்ல அதுவா வாயைத் திறந்து மஞ்சப்பொடியைக் கக்கும். கையால ஒரு தட்டு தட்டுனா போதும், புகையாட்டம் எந்திரிக்கும். அதைச் சலிக்கிறதுக்கு எங் கையை விட்டா ஆளில்லைன்னு மேடமே சொல்லும். ஆனி ஆடி வரைக்கும் சலிப்போம். மூணு வருஷமாத்தான் இந்த ஊட்டிச் சரக்கு. சரி, இப்ப யோசி ராஜக்கனி, நல்லா யோசி. கருவேலம் வீங்குனா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. எங்க ஊருல எங்க திரும்புனாலும் அந்த மூதேவி மரந்தான், டாக்டரே உதட்டைப் பிதுக்கிட்டு மாத்திரை எழுதிருவாரு. சோளம் வீங்குனாலும் சரி, அருகம்புல்லு வீங்குனாலும் சரி, எல்லாத்துக்கும் பதில் இருக்கு. சைப்ரஸ் மரத்தை எம் மக படத்துல கூடப் பாத்ததில்ல. விருதுநகரைத் தாண்டுனதே இன்னிக்கி மதுரைக்கு வந்ததுதான். ஊட்டி எங்க, இவ எங்க. அது இவ மூக்குக்குள்ள போகணும்னா ஒரே ஒரு ஆள் கொண்டாந்திருக்கணும், அந்த ஆளு இங்க உக்காந்து இவ வலது கையைப் பிடிச்சுக்கிட்டு இருக்கு.

“ம்மா, அரிக்குது.” “எது தாயி அரிக்குது?” “ரெண்டு.” அப்பாடா, ரெண்டாவது அரிக்கத்தான் செய்யும், அது எல்லாருக்கும் வீங்கணும், வீங்காட்டித்தான் தப்பு. மாத்திரை கீத்திரை போட்டிருக்காளான்னு கண்டுபிடிக்கிறதுக்கு வைக்கிறது. ஒரு வாரமா இவளுக்குத் தும்மல் மாத்திரையை நிறுத்தச் சொல்லிட்டாங்க எங்க ஊரு கிளினிக்குல, தினமும் இழுக்கிற இன்ஹேலரை மட்டும் விட வேணாம்னாங்க, அந்த ஒரு வாரம் எனக்கில்ல தெரியும், மூக்குல தண்ணியாக் கொட்டி, கண்ணு ரெண்டும் கோவைப்பழமாச் செவந்து, ஸ்கூல்ல டீச்சர் கண்ணுவலின்னு நினைச்சுத் தனி பெஞ்சுல உக்கார வச்சு, இவ அழுதுக்கிட்டு வந்து, ஏம்மா எனக்கு மட்டும் இப்படின்னு கேட்டா. கேட்டப்ப நான் என்ன சொன்னேன்? சாமி சோதிக்குதுன்னு சொன்னேன். சாமிக்கு வேற வேலை இல்ல பாரு. “ஊதி விடுறியாம்மா?” “ஊதக் கூடாதும்மா, இரு, கொஞ்ச நேரந்தான், பாட்டு எதாச்சும் பாடு.” “பாட்டு வரல.” “அப்ப ஏழாம் வாய்ப்பாடு சொல்லு.” “போம்மா.” மூணாவது லேசாச் செவந்த மாதிரி இருக்கு. வீங்கு. நல்லா வீங்கு. தூசிப் பூச்சியே, கண்ணுக்கே தெரியாத சனியனே, ஊருல எல்லாப் புள்ளைக்கும் வீங்குற, எம் புள்ளைக்கும் வீங்கித் தொலையேன், உனக்குப் புண்ணியமாப் போகும். எந்தத் தாயாவது இப்படி வேண்டுவாளா? நான் வேண்டுறேன். எட்டாவது, கருவேலம், அது அசையவே இல்ல, தோலு அப்படியே பட்டாட்டம் கிடக்கு. ஊரையே நாசம் பண்ற மரம், எங் கண்ணு முன்னால எம் மக கையில மட்டும் நல்ல புள்ளையாட்டம் இருக்கு. ஒம்பதைப் பாக்கல. பாக்க மாட்டேன். கடிகாரத்தைப் பாப்போம், பதினஞ்சு. அஞ்சு நிமிஷந்தான் ஆகியிருக்கா? முள்ளு நகருதா இல்லையா?

டாக்டர் காலையில கேட்டாரு, என்னம்மா வேலை பாக்கறீங்கன்னு. பேக்கிங்னு சொன்னேன். வாயில இருந்து அதுவா வந்துருச்சு, தப்பில்லைன்னும் சொல்லலாம், பாட்டிலை அட்டைப்பெட்டியில அடுக்குறது பேக்கிங் இல்லாம பின்ன என்ன. வீட்டுக்காரர் பக்கத்துல நின்னாரு, என்னை ஒரு பார்வை பாத்தாரு. இப்ப அவரு கீழ இருக்காரு, புள்ளையோட ஒரு ஆளுதான் உள்ள வரலாம்னுட்டாங்க. நிசத்தைச் சொல்லியிருந்தா என்ன ஆகியிருக்கும்? இந்த டப்பாவுல இருக்கிற எல்லா பாட்டில்லயும் எங்க கம்பெனி பேரு இருக்கு, டாக்டரு ஒரு போன் போட்டா மேடத்துக்குத் தெரிஞ்சிரும். சேரும்போதே எல்லார்கிட்டயும் ஒரு பேப்பர்ல கையெழுத்து வாங்கியிருக்கு, வீட்டுல யாருக்கும் இழுப்பு, மூச்சுத்திணறல் கிடையாதுன்னு. நான் போட்டப்ப நிசமாவே கிடையாது, மகிக்கு அப்ப மூணு வயசு, கொழுக்கட்டையாட்டம் இருப்பா. அப்புறம் வந்துச்சு, நான் சொல்லல. வீட்டுல வந்தா அந்தப் பொம்பளை வேலைக்கு வரக் கூடாதுங்கிறதுதான் அங்க விதி, போன வருஷம் கூட ஒருத்தியை நிறுத்திருச்சு, நல்லாத்தான் பேசி நிறுத்துச்சு, டீ வாங்கிக் கொடுத்து நிறுத்துச்சு, ஆனா நிறுத்திருச்சு. டீயைக் குடிச்சுட்டு அவ அழுதுக்கிட்டே போனது எனக்குத் தெரியும். அதனால நான் புள்ளைக்கு முடியலைன்னு லீவு கேக்கும்போதெல்லாம் வயித்துவலின்னேன், அம்மைன்னேன், ஒரு தரம் நாய் கடிச்சிருச்சுன்னு கூடச் சொன்னேன்.

என்னென்ன பாத்தோம் இந்த ரெண்டரை வருஷமா. தையில ஆரம்பிக்கும், பனி ஆகலைன்னோம். பங்குனியில கூடும், வெயில் சூடுன்னோம். ஆடியில இழுக்கும், ஆடிக்காத்துன்னோம். புரட்டாசி ஐப்பசியில அடங்கிரும், மழை பேஞ்சு உடம்பு குளுந்துருச்சுன்னோம். ஒவ்வொரு மாசத்துக்கும் ஒரு காரணம் வச்சிருந்தோம், ஒருத்தராவது ஊட்டிப் பெட்டி வர்ற மாசத்தை நினைச்சுப் பாத்தோமா? நான் நினைச்சேன். பொய் சொல்லாத ராஜக்கனி, நினைச்ச, நினைச்சதும் அடுப்புல பால் பொங்குதுன்னு எந்திரிச்சு ஓடுன. அப்புறம் மில்லு. மகி அப்பா மில்லுல இருந்தாரு, பஞ்சுத் தூசி சட்டையெல்லாம் ஒட்டிக்கிட்டு வரும், பஞ்சுதான் புள்ளைக்கு ஆகலைன்னு கண்டுபிடிச்சது யாரு, நானு. வாசல்லயே நிறுத்துவேன், பின்பக்கம் குழாயில தலையோட குளிச்சுட்டு வந்தாத்தான் புள்ளையைத் தொடலாம்பேன். ஷிப்ட் முடிஞ்சு சோர்ந்து வர்ற மனுஷன், துண்டைக் கட்டிக்கிட்டு நின்னு ஊத்திக்குவாரு, மார்கழிக் குளிர்லயும் ஊத்துவாரு. அப்பா வாசனை புடிக்கலையாடின்னு இவகிட்டக் கேட்டுச் சிரிப்பாரு. அப்புறம் அதுவும் வேணாம்னு மில்லையே விட்டாரு, சூப்பர்வைசர் ஆகப் போற நேரத்துல விட்டாரு, இப்ப பாத்திரக் கடையில நின்னு குடம் குடமா எடுத்துக் காட்டுறாரு. எம் பேச்சைக் கேட்டு விட்டாரு. விட்டப்புறமும் இவளுக்கு இழுத்துச்சு, பழைய பஞ்சு உள்ள இருக்கும், போகப் போகச் சரியாகும்னு நான்தான் பெரிய டாக்டரு மாதிரி சொன்னேன். சே.

அப்புறம் வியாழக்கிழமை. எங்க ஊரு கிளினிக்குல இழுப்புக்கு மருந்துப் புகை மாஸ்க் வைக்கிற பொண்ணு இவளுக்கு வியாழக்கிழமை பாப்பான்னே பேரு வச்சிருச்சு. வாங்க வியாழக்கிழமை பாப்பா, இந்த வாரம் லேட்டுன்னு சிரிக்கும். இல்லாட்டி திங்கக்கிழமை. திங்கள் சாயங்காலம் தும்மலா ஆரம்பிக்கும், வியாழன்னா கண்டிப்பா நெஞ்சு விசில் அடிக்கும். குரு சரியில்லைன்னு சொன்னாங்க, வியாழக்கிழமை தோறும் தட்சிணாமூர்த்திக்குக் கொண்டைக்கடலை மாலை கட்டிப் போட்டேன், ஊற வச்சு ஒவ்வொரு கடலையா ஊசியில கோத்து. அந்தக் கடலையை மறுநாள் சுண்டல் பண்ணி இவளுக்கே கொடுத்தேன். ஏன் வியாழன்? ஏன் திங்கள்? செவ்வாய் ஏன் இல்ல? வெள்ளி ஏன் இல்ல? வெள்ளிக்கிழமை இவ நல்லா இருப்பா, ஓடுவா, ஐஸ் கேப்பா. செவ்வாயும் அப்படித்தான். சாமிக்கு உகந்த நாளு, அதான்னு நினைச்சேன். செவ்வாய், வெள்ளி. செவ்வாய், வெள்ளி. அய்யோ. இரு. இரு ராஜக்கனி, அவசரப்படாத. செவ்வாயும் வெள்ளியும் நீ என்ன பண்ற?

தலைக்குக் குளிக்கிறேன்.

கம்பெனியில பாத்ரூம் வாசல்ல பெருசா எழுதிப் போட்டிருக்கு, குளித்துவிட்டுத்தான் வெளியே செல்ல வேண்டும்னு. நாங்க அஞ்சு பேரும் ஒரு நாள் தவற விட்டதில்ல. கோட்டைக் கழட்டி, குல்லாவைக் கழட்டி, சோப்பு போட்டு, கழுத்து வரைக்கும் தேச்சுக் குளிச்சு, வேற சேலை மாத்திக்கிட்டுத்தான் பஸ் ஏறுவோம். கழுத்து வரைக்கும். எந்தப் பொம்பளை தினமும் தலைக்கு ஊத்துவா? சளி பிடிக்கும், முடி கொட்டும், காயாம கொண்டை போட்டா நாறும், அதுக்குத்தானே செவ்வாய் வெள்ளின்னு வச்சிருக்கு. மேடம் குட்டையா முடி வெட்டுன ஆளு, அது குளின்னா தலையோடதான் நினைச்சிருக்கும், எங்களுக்குக் குளின்னா உடம்புக்கு. அஞ்சு வருஷமா அதுவும் கேக்கல, நாங்களும் சொல்லல. வெள்ளிக்கிழமை காலையில தலைக்குக் குளிச்சு, தேங்காயெண்ணெய் தடவி, பின்னிக் கொண்டை போட்டு வேலைக்குப் போறேன், வெள்ளி சலிக்கிறேன், சனி சலிக்கிறேன், திங்கள் சலிக்கிறேன். செவ்வாய் காலையில அலசுறேன், செவ்வாய் புதன் வியாழன் சலிக்கிறேன். குல்லாவுக்குள்ள எங் கொண்டை அடங்காது, வேர்க்கும், தூக்கி விட்டுக்குவேன், மேடம் அந்தப் பக்கம் போனதும் கழட்டியே வச்சிருவேன். எண்ணெய்த் தலை. அந்தப் பொடி ஒரு தடவை ஒட்டுச்சுன்னா விடுமா? சல்லடைச் சட்டத்துலயே விடாது, துணி போட்டுத் துடைச்சாலும் விரல்ல மஞ்சளா வரும். திங்களும் வியாழனும் எந் தலையில மூணு நாள் சரக்கு இருந்திருக்கு. குருவாவது பெயர்ச்சியாவது, அம்புட்டும் எங் கொண்டைக்குள்ள.

இவளுக்கு ஒரு பழக்கம். பொறந்ததுல இருந்தே. எஞ் சடையைப் பிரிச்சு மூக்கு மேல போட்டுக்கிட்டாத்தான் தூக்கம் வரும். மத்த புள்ளைங்க விரல் சூப்பும், இவ எம் முடியை வச்சுக்குவா. பால் மறந்தா, இதை மறக்கல. ரெண்டாங்கிளாஸ் போனப்ப வெக்கமா இல்லையாடின்னு அவங்கப்பா கேட்டதுக்கு, அம்மா வாசனைப்பான்னா. இழுக்கிற அன்னிக்கும், மூச்சு வாங்கி உக்காந்திருக்கிற அன்னிக்கும், நான் என்ன பண்ணுவேன், வா சாமி, அம்மாகிட்ட வான்னு மடியில போட்டு, முடியைப் பிரிச்சுக் கொடுப்பேன். அதைக் கொடுத்தா அடங்குவாள்னு கொடுப்பேன். அடங்க மாட்டா. இன்னும் கூடும். இன்னும் நெருக்கமா அணைச்சுக்குவேன். என்ன பாவி நானு. அந்த மனுஷனை வாசல்ல நிறுத்தி வச்சுட்டு நான் உள்ள உக்காந்து என்ன காரியம் பண்ணியிருக்கேன். இன்னிக்கி என்ன கிழமை? திங்கள். அய்யய்யோ, திங்கள். “ம்மா, தூக்கம் வருது.” ஸ்டூலைத் தேச்சுக்கிட்டு இவ எங்கிட்ட நகர்றா. தோள்ல சாயறா. மூக்கு நேரா சடைக்குத்தான் போகுது. நான் விலகுறேன், பெஞ்சு ஓரத்துக்குப் போறேன். “ஏம்மா?” “கை அசைஞ்சிரும், நேரா உக்காரு.” “அசைக்க மாட்டேம்மா.” “நேரா உக்காருன்னு சொன்னேன்ல!” அதட்டல் பெருசாயிருச்சு. முகம் சுருங்கிப் போச்சு புள்ளைக்கு. இன்னும் கொஞ்சம் விலகலாம்னு பாத்தா பின்னால சுவரு. எந்திரிச்சு வெளிய போகலாம்னா இவ கையை யாரு பிடிச்சுக்கிறது, விட்டா சொறிஞ்சிருவா. தலை அரிக்குது. எனக்கு அரிக்குது, வேர்வையா, நினைப்பா, தெரியல, நடு மண்டையில எறும்பு ஊர்ற மாதிரி அரிக்குது. சொறிஞ்சா அந்தப் பொடி இந்தச் சின்ன ரூமுக்குள்ள பறக்கும், ஏசி அதையே சுத்திச் சுத்தி ஊதும். நானும் சொறியக் கூடாது. ரெண்டு பேருக்கும் ஒரே சட்டம்.

அஞ்சு நிமிஷம் இருக்கு. இப்ப ஒம்பதைப் பாத்துட்டேன். பாக்காம இருந்திருக்கலாம். ரெண்டை விடப் பெருசா, வெள்ளையா உப்பி, ஓரத்துல கால் முளைச்சு, சுத்தி ஒரு ரூபா அகலத்துக்குச் செவந்து நிக்குது. எங் கைச் சுத்தத்தை மேடம் எத்தனை தடவை புகழ்ந்திருக்கு. மொத நாளு மைக்ராஸ்கோப்புல பாக்கச் சொல்லி என்னை உக்கார வச்சுச்சு, பத்தாங்கிளாஸ் பெயிலான என்னை. கண்ணை வச்சேன், ஒண்ணும் தெரியல, கண் இமைதான் தெரிஞ்சுது, மேடம் பின்னால நின்னு திருகுனதும் மகரந்தம் சட்டுன்னு வந்துச்சு, உருண்டை உருண்டையா, உள்ள ஒரு வட்டம், ஓரம் சன்னமா. மரத்துக்கு மரம் வேற வேற. என்னை யாரும் அதுக்கு முன்னால எதையும் பாருன்னு சொன்னதில்ல, இதைச் செய், அதைக் கழுவு, இவ்வளவுதான். அந்த வேலை போனா நான் என்ன ஆவேன்? சமைச்சு, துவைச்சு, டிவி பாத்து, மறுபடியும் சமைச்சு. அவரு பாத்திரக் கடைச் சம்பளத்துல மூணு பேரு. சரி, நிதானமா யோசி. வேலையை விடுவானேன்? இனிமே தினமும் தலைக்குக் குளி. முடியை வெட்டிரு, குட்டையா மேடம் மாதிரி. குல்லாவை இறுக்கிப் போடு. யாருகிட்டயும் மூச்சு விட வேணாம், டாக்டருக்கும் தெரிய வேணாம், மேடத்துக்கும் தெரிய வேணாம், அவருக்கும், அய்யோ அவருக்கும் தெரிய வேணாம். புள்ளை சரியாயிரும். எல்லாம் சரியாயிரும். கதவு திறக்கும்போது தெளிவா இருக்கணும். ஆமா, இதுதான் சரி. ஆனா பையி? டிபன் டப்பா? செருப்பு? தலையில மட்டுந்தான் இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்? தலைக்குக் குளிச்சா போதுமான்னு யாரைக் கேக்கிறது? கேக்கணும்னா சொல்லணும். சொல்லணும்னா போச்சு.

கடிகாரம் கர்ர்ருன்னு அடிச்சுச்சு, தூக்கி வாரிப் போட்டுச்சு எனக்கு. சிஸ்டர் வந்துச்சு, பின்னாலயே டாக்டர், தலை நரைச்சவரு, அமைதியான முகம். “என்ன மேடம், சொறிஞ்சீங்களா?”ன்னு மகிகிட்டக் கேட்டாரு. “இல்ல டாக்டர், ரெண்டு மட்டும் அரிச்சுது, அப்புறம் ஒம்பது ரொம்ப அரிச்சுது, நான் தொடவே இல்ல.” ஒம்பது அரிச்சதை எங்கிட்டச் சொல்லவே இல்லையே இவ. நான் அதட்டுனதுக்கப்புறம் சொல்லல. டாக்டர் ஸ்கேலை வச்சு ஒவ்வொண்ணாப் பாத்துச் சொல்லச் சொல்ல சிஸ்டர் எழுதுச்சு. “மூணு, லேசா. தலகாணியை வெயில்ல போடுங்கம்மா, போதும். நாலு இல்ல. ஏழு இல்ல. எட்டும் இல்லையே, ஆச்சரியந்தான், உங்க பக்கம் பூரா கருவேலமாச்சே.” அப்புறம் ஸ்கேல் நின்னுருச்சு. கண்ணாடியை ஏத்தி விட்டுக்கிட்டு இன்னொரு தரம் அளந்தாரு. “இது சைப்ரஸ். உங்க ஊருல இந்த மரமே கிடையாதே. ஏம்மா, பாப்பாவை ஊட்டிப் பக்கம் கூட்டிட்டுப் போவீங்களா?”

“ஆமா சார்”னு சொன்னேன். எவ்வளவு சுலபமா வந்துச்சு. “அடிக்கடி போவீங்களோ?” “சொந்தக்காரங்க இருக்காங்க சார். லீவு விட்டா போயிருவோம்.” மகி என்னை ஏறிட்டுப் பாத்தா. ரெண்டு வருஷமா இவ கூடப் படிக்கிற புள்ளைங்க போயிட்டு வந்து கதை சொல்லும்போதெல்லாம் ஊட்டி ஊட்டின்னு எம் முந்தானையைப் பிடிச்சு இழுத்தவ. இப்ப என் முகத்துல என்னத்தைக் கண்டாளோ, டாக்டர் பக்கம் திரும்பி, “ரயில்ல போனோம் டாக்டர். ஒரே குளிரு. நான் தொப்பி போட்டிருந்தேன், அம்மா ஸ்வெட்டர் போட்டிருந்தாங்க”ன்னா. கண்ணு கூடச் சிமிட்டல. நான் பொய்யி சொல்றேன்னு அவளுக்குத் தெரிஞ்சிருச்சு, ஏன்னு தெரியல, ஆனாலும் எனக்கு முட்டுக் கொடுத்துட்டா எட்டு வயசுப் புள்ளை. டாக்டர் சிரிச்சாரு. “அப்ப விஷயம் முடிஞ்சுது. நல்லவேளை, ஊருல இருக்கிற எதாலயும் இவளுக்குப் பெருசாத் தொந்தரவு இல்ல. இன்ஹேலரை இந்த வாரமே பாதியாக் குறைச்சிரலாம்மா, அடுத்த மாசம் நிறுத்திரலாம். சின்னப் புள்ளைக்கு எதுக்கு வீணா? ஊட்டிக்கு மட்டும் கூட்டிட்டுப் போகாதீங்க.” “சரி டாக்டர், நான் போக மாட்டேன்”னு மகி தலையை ஆட்டுனா.

டாக்டர் எழுத ஆரம்பிச்சுட்டாரு. பேனா ஓடுற சத்தம் கேக்குது. பாதி. அடுத்த மாசம் ஒண்ணும் இல்ல. வியாழக்கிழமை வரும், எம் மக உக்காந்து தோளைத் தூக்கித் தூக்கி மூச்சு இழுப்பா, கையில பாதி மருந்துதான் இருக்கும். சிஸ்டர் அடுத்த பேரைக் கூப்பிடக் கதவைத் திறந்துச்சு. எந்திரிக்கணும். வாயைத் திறக்காத ராஜக்கனி, தினமும் தலைக்கு ஊத்திக்கலாம், யாருக்கும் தெரியாது, எந்திரி, புள்ளையைக் கூட்டிக்கிட்டுக் கிளம்பு.

“சார்.” டாக்டர் நிமிரல. “சார், எழுதாதீங்க. நாங்க ஊட்டிக்குப் போனதே இல்ல.”

பேனா நின்னுச்சு. மகி எங் கையை அழுத்துனா, சொல்லாதம்மாங்கிற மாதிரி. டாக்டர் அவளைப் பாத்தாரு, கையில உப்பி நிக்கிற ஒம்பதைப் பாத்தாரு, என்னைப் பாத்தாரு. கோவமா இல்ல, நிசமாவே புரியாமத்தான் கேட்டாரு. “அப்ப இது எங்கருந்தும்மா வந்துச்சு?”

“எந் தலைமுடியில இருந்துதான் சார்”னேன்.